வாத்து லாரிக்கு ஆறாவது சக்கரம்

முகத்துவாரக்குப்பம், எண்ணூர்
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் உதயாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நலம் என்றால் வேளைக்குச் சாப்பிடுகிறேன், சர்க்கரை மாத்திரை போடுகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது, அதற்கு மேல் என்னைக் கேட்காதே. நீ அங்கே எப்படி இருக்கிறாய், குளிர் கொஞ்சம் விட்டதா, ஆஸ்பத்திரியில் இன்னும் உனக்கே நைட் டியூட்டி போடுகிறார்களா, டப்ளினில் வேறு நர்சே இல்லையா. போனில்தான் பேசுகிறோமே, இவள் எதற்குக் காகிதமும் கையுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்னா சாப்பிட்டே என்று கேட்டு வைத்துவிடுகிறேன். நீயும் வாராவாரம் 'நான் வரணுமாம்மா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லு' என்று கேட்கிறாய், நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஹில்டாவின் தங்கை மகள் லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள் அல்லவா, அவள் பெட்டியில் இந்தக் கடிதத்தையும் நெத்திலிக் கருவாட்டையும் கவர் மேல் கவர் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறேன். அவள் துணியெல்லாம் நாறினால் என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் லாஞ்சுகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சும்மா நிற்கின்றன, ஆம்பளைகள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து பொம்பளைகளைப் படுத்துகிறார்கள். ஃபைபர் படகில் வருகிற மீன்தான், அதற்கு ஏலத்தில் அடிதடி, நானும் ஹில்டாவும் ஒரே கூடையை எடுத்துப் பங்கு போட்டு விற்கிறோம். அனல் மின்நிலையத்துச் சாம்பல் இந்த வருடம் ரொம்ப மோசம், துணி காயப்போட்டு எடுத்தால் உதறாமல் மடிக்க முடியவில்லை. ஆற்றில் இறால் இல்லை, நண்டும் கிடைப்பதில்லை. பின் தெருவில் தண்ணீர்க் குழாய் போட்டுவிட்டார்கள், தண்ணீர்தான் இன்னும் வரவில்லை.

உன் சித்தப்பா திருமுருகன் இந்த மாதம் பிறந்ததிலிருந்து தினமும் வந்துவிடுகிறார். உள்ளே வந்து உட்கார மாட்டார், வாசலில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவார். தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் கடலுக்குப் போவதற்குள் உன் நைனாவுக்குக் காரியம் செய்துவிட வேண்டும் என்கிறார். 'இன்னா அண்ணி, வருசம் ஆவப்போவுது, அண்ணன் நடுக்கடல்லயே நின்னுகினு கீது, அத்த கரையேத்த வேணாமா, நம்ம வுட்டா வேற யாரு கரையேத்துவா' என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. உன் நைனா டிரைவராக நின்ற அந்த லாஞ்சில் இந்த முறை ஏற ஒருத்தனும் வர மாட்டேன் என்கிறானாம், 'டிரைவரண்ணனுக்குக் காரியம் ஆவாம அதுல கால வெக்க மாட்டோம்' என்று கூட இருந்த பையன்களே சொல்லிவிட்டார்களாம். அவர்கள் வீட்டு அடுப்பு என் வாயில் வருகிற ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. அன்றைக்கு நடந்தது அவர்கள் சொல்லித்தான் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன தடைக்காலம் முடிந்து போன முதல் நடை, வலை லாஞ்சுக்கு அடியில் சுழல்கிற விசிறியில் சுற்றிக்கொண்டு எஞ்சின் நின்றுவிட்டது, எப்போதும் இறங்கி அறுக்கிற பையனுக்குக் காய்ச்சல் என்று இவரே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். 'அடில வெள்ளம் இஸ்க்கறது ஜாஸ்தி அக்கா, கண்ணு எதிர்லயே இஸ்துகினு பூட்சி' என்று அந்தப் பையன் இங்கே வந்து தரையில் விழுந்து அழுதான். எத்தனையோ படகு போய்த் தேடியது, மேலே ஹெலிகாப்டர் சுற்றியது, ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காததால் நான் இன்னும் பொட்டு வைக்கிறேன். வைத்தால் ஒரு பேச்சு, வைக்காமல் போனால் ஒரு பேச்சு. சித்தப்பா போஸ்டர் கடைக்கே போய்விட்டார், தோற்றம் என்று பிறந்த தேதி கொடுத்துவிட்டாராம், 'மறைவுன்னு ஒண்ணு கீதே அண்ணி, அதுக்கு இன்னா தேதி போடறது' என்று என்னிடம் வந்து கேட்டார். உன் நைனா தண்ணீரில் இறங்கிய தேதி எனக்குத் தெரியும். போஸ்டரில் கேட்கிற தேதி எனக்கு எப்படித் தெரியும். நான் அழவில்லை என்பது வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய குறை, கட்டிப் பிடித்துக்கொண்டு அவர்கள் அழுகிறார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை உதயா. பல் பிடுங்க ஊசி போட்டால் ஒரு பக்கம் மரத்துப் போகுமே, கடித்தாலும் தெரியாதே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. மீன் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டேன், ஹில்டா பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் செய்து, அவர்கள் சட்டையையும் லுங்கியையும் போட்டு, கடலோரத்தில் கொள்ளி வைப்பார்கள், சின்ன வயதில் நீயும் பார்த்திருக்கிறாய். அதற்குச் சித்தப்பா சட்டை கேட்டார். எந்தச் சட்டையைக் கொடுப்பது என்று பீரோவைத் திறந்தேன், சட்டைகளுக்கு அடியில் நீ அனுப்பிய பெட்டி இருந்தது. நினைவிருக்கிறதா, நீ போன புதிதில் ஒரு போட்டோ அனுப்பினாய், லாரி ஒன்று ரோட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் அப்படியே தண்ணீரில் இறங்கிப் படகாகப் போகிறது, உலக யுத்தத்தில் கப்பலிலிருந்து சாமான் ஏற்றிக் கரையில் இறக்குவதற்காகப் பட்டாளத்துக்குச் செய்த வண்டி, அதற்கு வாத்து என்று பேர் என்று. உன் நைனா அந்தப் போட்டோவைக் காசிமேடு முழுக்கக் காட்டிவிட்டார். 'இத்த பாருடா, கரைக்கு வந்தா ஒருத்தனையும் கூப்ட வேணாம், கயிறு கட்டி இஸ்க்க வேணாம், தானா ஏறி வூட்டு வாசல்ல வந்து நிக்கும்' என்று ஒரே அலம்பல். லாஞ்சுக்குப் போவதற்கு முன்னால் கட்டுமரம், ஃபைபர் என்று மணலில் இழுத்து இழுத்தே தோள் போன மனுஷன், அவருக்கு அதில் விசிறி பெரிதில்லை, சக்கரம்தான் பெரிது. அதைக் கேட்டுத்தான் நீ அதே மாதிரிச் சின்ன பிளாஸ்டிக் பொம்மை வண்டியை வாங்கி அனுப்பினாய். பிரித்தால் வண்டியைக் காணோம், சட்டம் சட்டமாகத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன, 'உன் பொண்ணு லாரி அனுப்ச்சாளா, மீன் முள்ளு அனுப்ச்சாளா' என்று நான்கூடக் கிண்டல் செய்தேன்.

போன தடைக்காலம் முழுக்க அவர் அதோடுதான் குடித்தனம் நடத்தினார். என் நகவெட்டியால் துண்டுகளை வெட்டினார், உப்புத்தாளில் தேய்த்தார், பசை நாற்றத்தில் எனக்குத் தலைவலி. படகுக்கு அடித்து மீதி இருந்த போட்டு பெயின்டிலிருந்து பச்சை எடுத்து அடித்தார். ஓட்டுகிற பட்டாளத்துக்காரன் பொம்மை விரல்நுனி அளவுதான் இருக்கும், அவனுக்கு மீசை வரைந்துவிட்டார். முன்பக்கம் தீக்குச்சியால் உதயா என்று எழுதினார். 'எவன் போட்டுக்கோ இன்னாத்துக்கு டிரைவரா இருக்கணும், இதுக்கு நான் ஓனரு' என்று சொல்லிக்கொண்டார். இதெல்லாம் உனக்குப் போட்டோவில் அனுப்பியிருப்பார். அனுப்பாதது ஒன்று இருக்கிறது. அந்த வண்டி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்வதாம், கூட வந்த தாளிலேயே படம் போட்டிருக்கிறது. இவர் கேட்டால்தானே. அடிப்பக்கம் சக்கரம் மாட்டுகிற அச்சுக்காக வைத்திருந்த ஓட்டைகளைப் பார்த்ததும் இவருக்குப் பொறுக்கவில்லை, 'அடில ஓட்டைய வெச்சிகினு எவனாவது போட்டு செய்வானா' என்று ஓட்டை அடைக்கிற எம்சீலைப் பிசைந்து ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார், உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. மீன் கழுவுகிற டப்பில் விட்டார், மிதந்தது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். நான்தான் கேட்டேன், 'எல்லாத்தையும் அடச்சிட்டியே, சக்கரத்த எங்கய்யா மாட்டுவே' என்று. அதற்கு அவர், 'சக்கரம் கரைக்குத் தான வேணும், அத்த கரைக்கு வந்து பாத்துக்கலாம் வுடு' என்றார். அதற்குள் தடைக்காலம் முடிந்துவிட்டது, சக்கரங்களை ஒரு கவரில் போட்டு வண்டியோடு பெட்டியில் வைத்து மூடிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அன்றைக்குச் சட்டையை எடுக்காமல் பெட்டியை எடுத்துவிட்டேன், ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதிலிருந்து மீன் விற்றுவிட்டு வந்து சாப்பிட்டதும் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தேன். பாதிதான் அவர் முடித்திருந்தார், பின்பக்கம் கொக்கி, மேலே கம்பி, பக்கத்தில் தொங்குகிற சின்னச் சின்னச் சாமான்கள் எல்லாம் மீதி இருந்தன. பத்தாவது வரை படித்தது இதற்காவது உதவியது, தாளில் நம்பர் பார்த்து நம்பர் பார்த்து ஒட்டினேன். வெள்ளை நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து ஒட்ட வேண்டும், என் கைக்குள் அது மடங்கிப் போய் இப்போது நண்டு மாதிரி இருக்கிறது. பெயின்ட் காய்வதற்குள் சாம்பல் வந்து ஒட்டிக்கொண்டது, தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹில்டா வந்து பார்த்துவிட்டு, 'இன்னாடி மலரு, பட்டாள வண்டியக் கட்டிகினு எவன் மேல சண்டைக்குப் போற' என்றாள். சிரித்தேன். என் முகம் சிரித்தது, அவ்வளவுதான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் பயந்திருப்பாள், ஆனால் மறுநாளிலிருந்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு நகவெட்டி எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாம் ஒட்டி முடித்து, சக்கரம்தான் பாக்கி. ஓட்டையைக் காணோம், எம்சீல் கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஒயர் கூடையில் வண்டியை வைத்து பஸ் பிடித்துத் தண்டையார்பேட்டைக்குப் போனேன், டீசல் பம்பு ரிப்பேர் பார்க்கிற அப்துல் வஹாப் அண்ணனிடம், உன் நைனாவின் தோஸ்து, நீ நர்சிங் படிக்கப் போனபோது பேனா வாங்கிக் கொடுத்தாரே அவர்தான். அவர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டை விரலால் அடிப்பக்கம் தடவினார், 'ஒயுங்கா அடச்சிகீறாம்பா, சொட்டு ஏறாது' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஓட்டை போட்டுக் கொடுங்கள் என்றதும் டிரில்லை எடுத்து முனையெல்லாம் மாட்டிவிட்டார், பிறகு கீழே வைத்துவிட்டார். 'மன்னிச்சிக்கோம்மா, அவன் அடச்சத நான் தொறக்க மாட்டேன், தொறந்தா தண்ணி ஏறிடும்' என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, 'தொறக்கலன்னா சக்கரம் மாட்ட முடியாது, சக்கரம் இல்லன்னா அது எப்டிண்ணே கரையேறும், காலத்துக்கும் கடல்லயே கெடக்கட்டுமா' என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வஹாப் அண்ணன் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாத கை. அப்புறம் கையால் சுற்றுகிற சின்ன டிரில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், 'நீயே போட்டுக்கோ தங்கச்சி, அந்த ஹக்கு உனக்குத்தான் கீது' என்றார். ஹக்கு என்றால் உரிமை என்று அவரே சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நானே போட்டேன். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் விரிந்துவிடும் என்று மெதுவாகச் சுற்றினேன், வெள்ளையும் கறுப்புமாகத் தூள் மடியில் கொட்டியது. அவர் கட்டை விரல் ரேகை அந்த எம்சீலில் பதிந்திருந்தது உதயா. அதன் மேல்தான் ஓட்டை போட வேண்டியிருந்தது, போட்டேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை, எழுந்து சோறு வடித்தேன். சக்கரத்தைப் பொருத்திவிட்டு டப்பில் தண்ணீர் பிடித்து விட்டுப் பார்த்தேன். வஹாப் அண்ணன் சொன்ன மாதிரியே தண்ணீர் ஏறியது, முதலில் பின்பக்கம் தாழ்ந்தது, அப்புறம் மீசைக்காரன் மடி வரை வந்தது. அங்கேயே எடுத்துவிட்டேன். முந்தானையால் துடைத்துத் தரையில் வைத்துத் தள்ளினேன். ஓடியது. வாசல் வரைக்கும் போய் நின்றது.

அடுத்த தடவை சித்தப்பா வந்தபோது காரியத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன், ஆனால் கொள்ளி உதயா கையால்தான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. 'பொம்பளப் புள்ள கொள்ளி வெச்சா ஊரு இன்னா அண்ணி பேசும், நான் கூடப் பொறந்தவன் கல்லாட்டம் கீறேனே' என்றார். நான் வண்டியைக் கொண்டு வந்து அவர் எதிரில் வைத்தேன். 'இந்தப் போட்டுக்கு உங்க அண்ணன் யாரு பேரு வெச்சிகீறாருன்னு பாரு, கடல்ல அந்தப் பேரு போவலாம், கரையில அந்தக் கை படக் கூடாதா' என்று கேட்டேன். வண்டியைத் தொடாமல் திரும்பிப் போய்விட்டார், ஓரிரு நாள் வரவே இல்லை, சண்டை வளர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் வந்தார், முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். வண்டியைக் கையில் எடுத்தவர் அந்த மீசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார், நான் வழக்கம்போல முதுகைத் தட்டிக் கொடுத்தேன். 'புள்ள வரட்டும் அண்ணி, ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், எப்ப வருதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போஸ்டருக்கு உன் நைனா தண்ணீரில் இறங்கிய தேதியையே போடச் சொல்லிவிட்டேன். சட்டையும் எடுத்து வைத்துவிட்டேன், நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த நீலக் கட்டம் போட்டதை எடுக்கவில்லை, அது எனக்கு வேண்டும். வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொடுக்கிறேன்.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில், வா. லாஞ்சுகள் கிளம்புவதற்கு முன்னால் வந்துவிடு, லீவு கேட்கும்போது காணாமல் போனவர் என்று சொல்லாதே, அப்பா இறந்துவிட்டார் என்று சொல். நான்தான் உன் வாயில் அந்த வார்த்தையை வைக்க வேண்டும், வேறு யாரும் வைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இழுத்தேன். ஏரோப்ளேனில் பட்டினியாக வராதே, கொடுப்பதைச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வைக்காமல் பரட்டையாக வந்து நிற்காதே. நான் அழவில்லை என்று பார்த்து நீ பயப்படாதே, நீ அழ வேண்டியதை நீ அழு. காரியம் முடிந்ததும் உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன், உன் வேலைக்கு நீ திரும்பிப் போகலாம், வஹாப் அண்ணனுக்கு டிரில்லைத் திருப்பிக் கொடுக்க மட்டும் என்னோடு ஒரு நடை வா.

நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கையால் மருந்து வாங்கிக் குடிக்கிறவர்கள் எல்லாம் பிழைத்து எழுந்து போக வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. வரும்போது அந்தப் பசை ஒரு டியூப் வாங்கி வா, மறந்துவிடாதே, இங்கே இருந்தது காய்ந்துவிட்டது. ஐந்து சக்கரம்தான் ஒட்டியிருக்கிறேன். ஆறாவதை ஒட்டாமல் சும்மா சொருகி ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். படகைக் கரையேற்றும்போது வீட்டில் இருக்கிற எல்லார் கையும் பட வேண்டும் என்பார் உன் நைனா, நீ கைக்குழந்தையாக இருந்தபோதுகூட உன்னைத் தூக்கிக்கொண்டு போய் உன் கையைப் பலகையில் வைத்து எடுத்தபிறகுதான் இழுப்பார். என் கை பட்டுவிட்டது, சித்தப்பா கை பட்டுவிட்டது. இன்னும் உன் கைதான்.

இப்படிக்கு, வாசலைப் பார்த்தபடி
உன் அம்மா மலர்